மின் சைக்கிளுக்கு எந்த பேட்டரி? எடையும் குறைய வேண்டும், வீடும் பத்திரமாக இருக்க வேண்டும்

இரண்டு மின் சைக்கிள் பேட்டரிகள். இரண்டின் மீதும் 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றின் விலை மற்றதில் பாதி, எடையும் பாதி. விலையும் குறைவு, எடையும் குறைவு, அப்புறம் என்ன யோசனை என்றுதான் தோன்றும். விசாரித்தால் ஒருவர் "எல்.எஃப்.பி. வாங்குங்கள், அது எரியவே எரியாது" என்பார். இன்னொருவர் "அது கனம், லித்தியம் அயானே போதும்" என்பார். லித்தியம் இரும்பு பாஸ்பேட் எனும் எல்.எஃப்.பி.யும் லித்தியம் அயானில் ஒரு வகைதான் என்பதை இருவரும் சொல்ல மாட்டார்கள்.

தவறான பேட்டரியை வாங்கினால் பணம் மட்டும் போவதில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்ததில் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் அயான் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நடந்தன. 18 பேர் இறந்தார்கள். உணவு டெலிவரிக்கு ஓடும் மின் சைக்கிள்களும் சிறு ஸ்கூட்டர்களும் அந்தக் கணக்கில் பெரும் பங்கு.

அதற்காக மின் சைக்கிளே வேண்டாம் என்று ஒதுங்கத் தேவையில்லை. ஒழுங்காகக் கட்டிய பேட்டரி, அதற்கென்றே கொடுத்த சார்ஜரோடு ஆண்டுக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடும். எடையைக் குறைக்கும் வழி, தேவையைச் சரியாகக் கணக்கிடுவதுதான். பாதுகாப்போ செல்லின் தரத்திலும், அதைக் கட்டிய விதத்திலும், சார்ஜரிலும் இருக்கிறது. எந்த ரசாயனம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. கடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்கள்

1. வோல்ட்: மின் அழுத்தம். மோட்டாரும், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரும் எத்தனை வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவையோ, பேட்டரியும் அதே வோல்ட்டில் இருக்க வேண்டும். சைக்கிள்களில் பெரும்பாலும் 36 அல்லது 48.

2. ஆம்பியர்-ஹவர்: எவ்வளவு மின்னோட்டத்தை எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்ற அளவு. இதை மட்டும் வைத்து இரண்டு பேட்டரிகளை ஒப்பிடக் கூடாது. 48 வோல்ட்டில் 10 ஆம்பியர்-ஹவரும் 36 வோல்ட்டில் 10 ஆம்பியர்-ஹவரும் ஒன்றல்ல.

3. வாட்-ஹவர்: முதல் இரண்டையும் பெருக்கினால் வருவது. உண்மையில் எவ்வளவு ஆற்றல் உள்ளே இருக்கிறது என்பதைச் சொல்வது இதுதான். 36 × 10 = 360 வாட்-ஹவர். எவ்வளவு தூரம் ஓடும், எவ்வளவு கனக்கும், தீப்பிடித்தால் எவ்வளவு எரியும் என்ற மூன்றும் இந்த எண்ணையே பொறுத்தவை.

ஒரு அளவுக்காகச் சொல்கிறேன். விமானப் பயணிகள் தாராளமாக எடுத்துச் செல்லக்கூடிய லித்தியம் அயான் பேட்டரி 100 வாட்-ஹவர் வரைதான். விமான நிறுவனம் அனுமதித்தால் 160 வரை. அதற்கு மேல் கிடையாது. சாதாரண மின் சைக்கிள் பேட்டரி அந்த எல்லையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

மிதித்துக்கொண்டே மோட்டாரின் துணையையும் வாங்கினால், சமதளத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 6 முதல் 10 வாட்-ஹவர் செலவாகும். மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகி ஓட்டினால் 12 முதல் 20 வரை போகும். மேடு, எதிர்க்காற்று, காற்று குறைந்த டயர், பின்னால் ஆள் என்று ஒவ்வொன்றும் இந்த எண்ணைக் கூட்டும்.

வேலைக்குப் போய்வர தினம் 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிதித்து ஓட்டுபவருக்கு கிலோமீட்டருக்கு 8 வீதம் 128 வாட்-ஹவர். பேட்டரியை அடிமட்டம் வரை வடித்துவிடாமல் 80 சதவீதம் மட்டும் பயன்படுத்துவது நல்லது என்பதால் இது 160 ஆகிறது. சில ஆண்டுகளில் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதற்கும் இடம் விட்டால் 200. அதாவது 36 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர்-ஹவர் பேட்டரி போதும். த்ராட்டில்காரருக்கு அதே தூரத்துக்கு, கிலோமீட்டருக்கு 15 வீதம் வைத்து அதே கணக்கைப் போட்டால் 375 வருகிறது. 10 ஆம்பியர்-ஹவருக்குச் சற்று மேல்.

இரண்டுக்கும் நடுவே எடையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ வித்தியாசம், விலையில் அதைவிடப் பெரிய வித்தியாசம். கடைக்காரர் "எதற்கும் 15 ஆம்பியர்-ஹவராகவே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். தேவைக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு வாட்-ஹவரையும் தினம் சுமக்க வேண்டும், வீட்டுக்குள் வைத்திருக்கவும் வேண்டும். சிறிய பேட்டரி வாங்கி, மிச்சமாகும் பணத்தை நல்ல செல்லில் போடுவதே என் கணிப்பில் சரியான தேர்வு. கழற்றி மாட்டக்கூடிய பேட்டரியாக இருந்து, அலுவலகத்தில் சார்ஜ் போடவும் இடம் கொடுத்தால் தேவை இன்னும் பாதியாகும்.

எடை எங்கிருந்து வருகிறது

பேட்டரி பேக்கைத் திறந்தால் உள்ளே இருப்பவை விரல் பருமனான உருளைச் செல்கள். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம். 21700 என்றால் 21-க்கு 70. இவற்றை வரிசையாகவும் பக்கத்தில் பக்கமாகவும் இணைத்து வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் கூட்டுகிறார்கள். 360 வாட்-ஹவருக்கு செல்களின் எடை மட்டும் ஏறத்தாழ இப்படி வரும்:

1. ஈய அமிலம், அதாவது யு.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் வகை: சுமார் 10 கிலோ. விலை மலிவு, எரியும் ஆபத்து குறைவு. ஆனால் சைக்கிளில் இந்தக் கனத்தைக் கட்டினால் மிதிக்கவே மனம் வராது. இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

2. எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட்: சுமார் 2.6 கிலோ.

3. என்.எம்.சி., அதாவது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை, 2.5 ஆம்பியர்-ஹவர் 18650 செல்களில்: சுமார் 1.8 கிலோ.

4. அதே நிக்கல் வகை, 5 ஆம்பியர்-ஹவர் 21700 செல்களில்: சுமார் 1.4 கிலோ.

இதற்கு மேல் உறை, கம்பி, பாதுகாப்புச் சுற்று எல்லாம் சேர்ந்து அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கூடும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்யும் 625 வாட்-ஹவர் சைக்கிள் பேட்டரி சுமார் 3.5 கிலோ, 800 வாட்-ஹவர் பேட்டரி சுமார் 3.9 கிலோ. கணக்குப் போட்டால் கிலோவுக்கு 180, 205 வாட்-ஹவர் வருகிறது. உயர் விலைச் சந்தையில் பெயர் பெற்ற நிறுவனம் இவ்வளவு தூரம்தான் போயிருக்கிறது.

கடையில் நீங்களே செய்யக்கூடிய மிக எளிய சோதனை இதிலிருந்துதான் கிடைக்கிறது. பெட்டியில் எழுதிய வாட்-ஹவரை, பேக்கின் உண்மையான எடையால் வகுத்துப் பாருங்கள். 360 வாட்-ஹவர் என்று எழுதி ஒன்றே கால் கிலோ இருந்தால் கிலோவுக்கு 288 வருகிறது. உறையோடு சேர்த்து அந்த எண் வர இன்றைய சைக்கிள் செல்களில் வழியில்லை. ஒன்று, உள்ளே எழுதியதில் பாதிச் செல்கள்தான் இருக்கின்றன. இல்லையென்றால் லேபிளே பொய். 18650 செல் ஒன்றில் சுமார் 3.5 ஆம்பியர்-ஹவருக்கு மேல் அடைத்து விற்பவர்கள் கிட்டத்தட்ட யாருமில்லை. இணையத்தில் அதே அளவுச் செல்லில் 9900 மில்லிஆம்பியர்-ஹவர் என்று அச்சிட்டு விற்பதைப் பார்க்கலாம். அதை வாங்கவே கூடாது.

தீ எப்படிப் பிடிக்கிறது

லித்தியம் அயான் செல்லுக்குள் ஒரு நேர் முனைத் தகடும் ஒரு எதிர் முனைத் தகடும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நடுவே, இரண்டும் தொட்டுவிடாமல் மெல்லிய பிளாஸ்டிக் பிரிப்பான் ஒன்று. இவற்றை நனைத்திருக்கும் திரவம் எளிதில் எரியக்கூடிய கரைப்பான். ஏதோ ஒரு காரணத்தால் செல் சூடாகத் தொடங்கினால் நடப்பது இது:

1. 80 முதல் 120 டிகிரிக்குள் எதிர் முனையின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையும். அதுவே இன்னும் வெப்பத்தை வெளிவிடும்.

2. சுமார் 130 டிகிரியில் பாலிஎத்திலீன் பிரிப்பான் உருகத் தொடங்கும். அது சுருங்கினால் இரண்டு தகடுகளும் தொட்டு, உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

3. நிக்கல் வகையில் 200 டிகிரியைத் தாண்டும்போது நேர் முனைப் பொருள் உடைந்து ஆக்சிஜனை வெளிவிடும். எரியும் திரவம், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் ஒரே குப்பிக்குள் சேர்ந்துவிடுகின்றன.

4. அந்த ஒரு செல்லின் வெப்பம் பக்கத்துச் செல்லைச் சூடாக்கும். அதுவும் இதே வழியில் போகும். பேக் முழுவதும் எரிய அதிக நேரம் ஆகாது.

தன் வெப்பமே தன்னை மேலும் சூடாக்கும் இந்த நிலையைத் தெர்மல் ரன்அவே, அதாவது கட்டுக்கு அடங்காத வெப்பப் பெருக்கம் என்கிறார்கள். தொடங்கிய பிறகு சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. ஏனென்றால் வெப்பம் வருவது பிளக்கிலிருந்து அல்ல, உள்ளே நடக்கும் வேதிவினையிலிருந்து. பவுடர் தீயணைப்பான் தீச்சுவாலையை அடக்கலாம், செல்லைக் குளிர்விக்காது. அதனால் மறுபடி பற்றும். தீயணைப்பு வீரர்கள் நிறையத் தண்ணீர் பீய்ச்சுவது குளிர்விப்பதற்காகத்தான். வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் உண்டு. பேட்டரியைக் கையில் தூக்கி வெளியே போட முயல வேண்டாம்.

சரி, முதலில் அது ஏன் சூடாகிறது? ஐந்து காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: அளவுக்கு மீறிய சார்ஜ், தரக்குறைவான அல்லது பழைய செல், அடிபட்டு நசுங்கிய செல், உள்ளே தண்ணீர் புகுந்தது, மாதக்கணக்கில் முழுதும் வடிந்த நிலையில் கிடந்தது. கடைசிக் காரணம் பலருக்கும் தெரியாது. செல்லின் வோல்ட் மிகவும் கீழே இறங்கினால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேறு இடத்தில் படியும். அது உள்ளேயே ஷார்ட்டுக்கு வழி செய்கிறது. ஆறு மாதம் மூலையில் கிடந்து முழுவதும் செத்துப்போன பேட்டரியை "உயிர்ப்பித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எல்.எஃப்.பி.யா, நிக்கல் வகையா?

லித்தியம் அயான் பேட்டரி 1991இல் சோனி மூலம் சந்தைக்கு வந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை நேர் முனையாகப் பயன்படுத்தலாம் என்பதை 1990களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் காட்டினார்கள். 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் குட்இனஃபும் ஒருவர்.

பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. சூடானாலும் லேசில் விடுபடாது. அதனால் மேலே சொன்ன மூன்றாவது படி எல்.எஃப்.பி.யில் தாமதமாக, சுமார் 270 டிகிரி அளவில்தான் வரும். வெளிவரும் வெப்பமும் குறைவு. ஆயுளும் அதிகம்: இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் தாங்குவது சாதாரணம். நிக்கல் வகை 500 முதல் 1000 தடவை.

ஆனால் "எரியவே எரியாது" என்பது உண்மையல்ல. எல்.எஃப்.பி. செல்லிலும் அதே எரியும் கரைப்பான்தான் இருக்கிறது. பழுதானால் அதுவும் ஹைட்ரஜன் கலந்த வாயுவை வெளிவிடும். மூடிய அறையில் அந்த வாயு பற்றிக்கொள்ளும். மட்டமாகக் கட்டிய எல்.எஃப்.பி.யைவிட, நல்ல செல்லில் ஒழுங்காகக் கட்டிய நிக்கல் வகையையே நான் வீட்டுக்குள் வைக்கச் சொல்வேன்.

இரண்டும் ஒரே தரத்தில் கிடைத்தால்? 360 வாட்-ஹவரில் எல்.எஃப்.பி. ஒரு கிலோ அளவுக்குக் கூடுதல். சைக்கிள், ஓட்டுபவர் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்றால் அது ஒரு சதவீதம்தான். ஓட்டும்போது உணர முடியாது. பேட்டரியைக் கழற்றி மூன்றாவது மாடிக்குத் தூக்குபவருக்குத்தான் அந்த ஒரு கிலோ தெரியும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், திருச்சி போன்ற ஊர்களில், தகரக் கூரையின் கீழ் நிறுத்திவைக்கும் சைக்கிள் என்றால் நான் எல்.எஃப்.பி.யைத்தான் சொல்வேன். தினம் கழற்றி மாடி ஏற்ற வேண்டும், ஓடுவது குறைந்த தூரம் என்றால் 200 முதல் 250 வாட்-ஹவரில் நல்ல நிக்கல் பேக் போதும்.

எல்.எஃப்.பி.யில் ஒரு சிறு சங்கடமும் உண்டு. அதன் வோல்ட் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பெரிதாக இறங்காது. முடியும் நேரத்தில் சட்டென்று விழும். வோல்ட்டை மட்டும் பார்த்துச் சொல்லும் மலிவான மீட்டர் பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்து, திடீரென்று நடுவழியில் நிறுத்திவிடும்.

பெட்டிக்குள் பார்த்தால்

உருளைச் செல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே நடுவில் இருக்கும் பொட்டு மட்டும்தான் நேர் முனை. அடிப்பகுதி, பக்கச் சுவர், மேலே அந்தப் பொட்டைச் சுற்றியுள்ள விளிம்பு எல்லாமே எதிர் முனை. மேல் விளிம்பில் இரண்டுக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர்தான். அதைக் காப்பது பிளாஸ்டிக் உறையின் மெல்லிய ஓரம் மட்டும். செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை அந்த விளிம்பின் மேலேயே குறுக்கே போகிறது. சாலையின் அதிர்வில் பட்டையின் ஓரம் உறையை அறுத்துவிட்டால் செல் ஷார்ட் ஆகிவிடும். அதனால்தான் கவனமாகக் கட்டுபவர் ஒவ்வொரு நேர் முனையின் மீதும் வட்டமான காப்புக் காகிதம் ஒட்டுகிறார், செல்களை இடைவெளி விட்டு பிளாஸ்டிக் தாங்கிகளில் நிறுத்துகிறார். மட்டமான பேக்கில் செல்கள் ஒன்றோடொன்று பசையால் ஒட்டப்பட்டு, மேலே நீல நிறச் சுருங்கும் உறை மட்டும் போட்டிருக்கும். வெளியே பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நிக்கல் பட்டையைச் செல்லோடு இணைக்க ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். செல்லின் மேலேயே சால்டரிங் வைத்துச் சூடாக்கினால் உள்ளிருக்கும் பிரிப்பான் பாதிக்கப்படும். "நாங்களே அசெம்பிள் செய்து தருகிறோம்" என்ற கடையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புச் சுற்று. அது செய்ய வேண்டியவை: எந்தச் செல்லும் எல்லை மீறி ஏறாமலும் இறங்காமலும் பார்ப்பது, அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் துண்டிப்பது, எல்லாச் செல்களையும் சம அளவில் வைத்திருப்பது, வெப்பம் கூடினால் நிறுத்துவது. மலிவான சுற்றுகளில் வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்காது, அல்லது பெயருக்குச் சுற்றுப்பலகையின் மேலேயே தொங்கும். அது செல்களின் நடுவே செருகப்பட்டிருக்க வேண்டும்.

எடையைக் குறைப்பதற்கு ஒரு எல்லை இருப்பதும் இங்கேதான் தெரியும். 250 வாட் மோட்டாராக இருந்தாலும் மேட்டில் ஏறும்போது கன்ட்ரோலர் 15 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு செல்கள் பக்கத்தில் பக்கமாக இருந்தால் ஒவ்வொன்றும் 3.75 ஆம்பியர் கொடுக்கும். இரண்டே இருந்தால் ஒவ்வொன்றும் 7.5. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் செல்லுக்குள் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. மிகச் சிறிய பேக் வாங்குபவர், அதிக மின்னோட்டம் தாங்கும் செல்தானா என்று கட்டாயம் கேட்க வேண்டும். அல்லது கன்ட்ரோலரின் உச்ச அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜர்: பலர் கவனிக்காத இடம்

"36 வோல்ட் சார்ஜர்" என்று ஒரே ஒரு சாதனம் கிடையாது. நிக்கல் வகையில் 36 வோல்ட் பேக் என்றால் வரிசையில் பத்து செல்கள். செல்லுக்கு 4.2 வீதம் முழு சார்ஜ் 42 வோல்ட். எல்.எஃப்.பி.யில் பன்னிரண்டு செல்கள், 3.65 வீதம் 43.8 வோல்ட். 48 வோல்ட் என்றால் நிக்கல் வகைக்கு 54.6, எல்.எஃப்.பி.க்கு 58.4. ஆனால் இந்தச் சார்ஜர்கள் பலவற்றில் பிளக் ஒரே மாதிரிதான். செருகினால் பொருந்திவிடும்.

எல்.எஃப்.பி. சார்ஜரை நிக்கல் பேக்கில் செருகினால் ஒவ்வொரு செல்லும் 4.38 வோல்ட் வரை தள்ளப்படும். அப்போது காப்பாற்றுவது பி.எம்.எஸ். ஒன்று மட்டுமே. அதுவும் பழுதென்றால் தடுக்க வேறெதுவும் இல்லை. ஆகவே பேக்கோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருக வேண்டாம். வீட்டில் இரண்டு மின் வாகனங்கள் இருந்தால் சார்ஜர்களின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். வேகமாக ஏற வேண்டும் என்று 10 ஆம்பியர்-ஹவர் பேக்குக்கு 5 ஆம்பியர் சார்ஜர் தேடுவதும் வேண்டாம். 2 ஆம்பியர் போதும். ஐந்தாறு மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

முத்திரைகள் என்ன சொல்கின்றன

2022இல் நடந்த தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகு, இந்திய அரசு மின் வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டங்களாக அது நடைமுறைக்கு வந்தது. செல்களுக்கிடையே இடைவெளி, தண்ணீர் புகாமை, வெப்பம் கூடினால் எச்சரிக்கை, செல்லின் தயாரிப்பு விவரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி எல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் அது எல் வகை, அதாவது இரண்டு, மூன்று சக்கர வண்டிகள் போன்ற மோட்டார் வாகனங்களுக்கு எழுதியது. 0.25 கிலோவாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைவான, பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத மின் சைக்கிள் நம் விதிகளின்படி மோட்டார் வாகனமே அல்ல. பதிவும் உரிமமும் வேண்டாம் என்ற சலுகை அதனால்தான். அதன் மறுபக்கம், தனியாக வாங்கும் பேட்டரியோ, சாதாரண சைக்கிளை மின் சைக்கிளாக மாற்றும் கன்வர்ஷன் கிட்டோ அந்தச் சோதனைகளைத் தாண்டித்தான் வந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது.

நியூயார்க் நகரம் இந்த ஓட்டையை நேரடியாக அடைத்தது. 2023 செப்டம்பர் 16 முதல், அங்கே விற்கும் மின் சைக்கிள் யு.எல். 2849 என்ற தரத்துக்கும், பேட்டரி யு.எல். 2271 என்ற தரத்துக்கும் சான்று பெற்றிருக்க வேண்டும். முதலாவது மோட்டார், பேட்டரி, சார்ஜர் மூன்றையும் சேர்த்தே சோதிப்பது. ஐரோப்பாவில் பேட்டரிக்கு ஈ.என். 50604 என்ற தரம் இருக்கிறது. இந்தியாவிலும் மின் சைக்கிள் பேட்டரிக்கு இப்படி ஒரு கட்டாயம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விற்பவர்கள் அடிக்கடி காட்டும் இன்னொரு தாள் யு.என். 38.3. அது பேட்டரியைக் கப்பலிலும் விமானத்திலும் அனுப்பப் பத்திரமானதா என்று பார்க்கும் சோதனை. உங்கள் வீட்டில் தினம் சார்ஜ் போடப் பத்திரமானதா என்பதற்கு அது பதில் அல்ல. எம்.எஸ்.டி.எஸ். என்ற தாள் சோதனையே அல்ல; உள்ளே என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்ற விவரம் மட்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

1. செல் எந்த நிறுவனத்தின் எந்த மாடல்? பதில் "இம்போர்ட்டட் ஏ கிரேட்" என்று மட்டும் வந்தால் கிளம்பிவிடலாம்.

2. புதுச் செல்லா, பழைய லேப்டாப்பிலிருந்தோ வண்டியிலிருந்தோ எடுத்துப் புது உறை போட்டதா? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர்? உங்கள் கன்ட்ரோலரின் உச்ச அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வெப்ப சென்சார் எங்கே வைத்திருக்கிறார்கள்?

4. தண்ணீர் புகாமைக்கு ஐ.பி. எண் என்ன? 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். நம் மழைக்கு இது ஆடம்பரம் இல்லை.

5. எடை எவ்வளவு? தராசில் வைத்துக் காட்டச் சொல்லி, மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போடுங்கள்.

6. வாரன்டியைத் தருவது யார்? கடையா, தயாரித்தவரா?

வீட்டில்

சார்ஜ் போடும் இடம் வாசலாகவோ மாடிப்படியின் கீழாகவோ இருக்கக் கூடாது. எரிந்தால் நீங்கள் தப்பிக்க வேண்டிய வழியே அடைபட்டுவிடும். பலருக்கு அதுதான் வசதியான இடம் என்பது தெரியும். ஆனால் மற்ற எல்லா அறிவுரையையும்விட இதைத்தான் முதலில் கேட்டுக்கொள்வேன். மெத்தை, துணி, கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இல்லாத, தரை சிமென்டோ டைல்ஸோ ஆன இடம் நல்லது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜில் விட வேண்டாம்.

வெயிலில் ஓட்டி வந்த உடனே செருகாதீர்கள். பெரும்பாலான செல்களுக்கு சார்ஜ் ஏற்ற மேல் எல்லை 45 டிகிரி. கருப்பு உறை போட்ட பேக் வெயிலில் நின்றாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். அரை மணி, முக்கால் மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் முழுவதும் ஏற்றியும் வைக்க வேண்டாம், வடித்தும் வைக்க வேண்டாம்; பாதி அளவில் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள்.

கீழே விழுந்து உறை நசுங்கியது, வெள்ளத்தில் மூழ்கியது, உப்பியது, இனிப்பான கரைப்பான் வாடை வருவது, முன்பைவிட அதிகம் சூடாவது, சார்ஜ் சட்டென்று இறங்குவது. இவற்றில் எது நடந்தாலும் அந்த பேட்டரியை மறுபடி சார்ஜில் போடக் கூடாது. வெள்ள நீரில் நனைந்தது வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே அரிப்பு தொடர்ந்து, நாட்கள் கழித்தும் பற்றலாம். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் இல்லாத திறந்த இடத்தில் வைத்துவிட்டு விற்றவரை அழையுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பை வண்டியிலும் பழைய இரும்புக் கடையிலும் போடக் கூடாது. லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடிந்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதையும் வாங்கும் அன்றே கடையில் கேட்டு, பில்லின் பின்னால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.